சேதுவும் ஒரு செய்தித் தலைப்பும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்படும் பெருங்கப்பல் வடகிழக்கு நோக்கி நேரே செல்வதில்லை. தெற்கே இறங்கி, இலங்கைத் தீவு முழுவதையும் தன் இடப்புறத்தே கொண்டு ஒரு பெருஞ்சுற்றுச் சுற்றி, வங்கக் கடலில் ஏறிய பின்னரே சென்னையை அடைகின்றது. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கடல் மிகவும் ஆழங்குறைந்து, மணல் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு கிடப்பதே இதற்குக் காரணம். முத்தையாபுரம், தருவைக்குளம், வேம்பார் முதலிய நம் பக்கத்து ஊர்களில் வளரும் சிறுவர்கள் பூகோள நூலைத் திறப்பதற்கு முன்பே இதனை அறிந்திருப்பர். அத்திட்டுகளைப் பற்றி 2002-ஆம் ஆண்டில் எழுந்த ஒரு செய்தித் தலைப்பின் வரலாற்றையே இன்று கூற எடுத்துக்கொண்டேன். ஒரு தலைப்பிற்கும் வரலாறு உண்டோ என்று மாணவர்கள் வினவக்கூடும். உண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இதற்கு உண்டு.

முதலில் திட்டுகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சேது என்றும், திருவணை என்றும், இராமர் பாலம் என்றும் நம்மவர் அவற்றை வழங்குவர். ஆதாம் பாலம் என்பது ஐரோப்பியர் நிலப்படங்களில் எழுதிய பெயர். இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுவைக் காக்கும் உரிமையால் சேதுபதி என்று பெயர் பெற்றனர். கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தம் காசுகளில் நந்தியின் உருவத்தோடு ‘சேது’ என்னும் சொல்லைத் தமிழ் எழுத்தில் பொறித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ரென்னல் வெளியிட்ட இந்துஸ்தானத்து நிலப்படத்தில் இத்திட்டு வரிசை இடம்பெற்றுள்ளது. ஆகவே, இவ்வணை எவரும் அறியாமல் மறைந்து கிடந்த காலம் ஒன்று இருந்ததில்லை. இதனை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

இவ்வணையை ஊடறுத்தோ, அதன் அருகில் நிலத்தை வெட்டியோ கப்பல் வழி ஒன்று அமைக்கவேண்டும் என்னும் எண்ணமும் பழையதே. 1860-ஆம் ஆண்டில் ஏ. டி. டெய்லர் என்னும் கடற்படை அதிகாரி ஒரு திட்டம் வரைந்தார். அதன்பின் திட்டங்கள் பல எழுந்தன. யாவும் ஏட்டளவில் நின்றன. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1955-இல், டாக்டர் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த அக்குழுவின் அறிக்கையில் நாம் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. கடலிலுள்ள மணல் திட்டுகள் இடம் பெயரும் இயல்பின. ஆதலால் அவற்றினூடே கடலில் வழி வெட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, நிலத்தை வெட்டிக் கால்வாய் அமைப்பதே தக்கது என்பது அக்குழுவின் முடிவு. பக்திக்கும் அம்முடிவுக்கும் தொடர்பில்லை. அது பொறியியல் நோக்கில் எடுத்த முடிவு. 1974-ஆம் ஆண்டு ஜூலையில் தூத்துக்குடி பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அன்றுமுதல் சேதுக் கால்வாய் பற்றிய பேச்சு நம் ஊரில் ஓய்ந்ததே இல்லை.

இனித் தலைப்பிற்கு வருவோம்.

2002-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சில இணையத் தளங்களில் ஒரு செய்தி தோன்றியது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா எடுத்த படங்கள், 17,50,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் கட்டிய பாலம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டன என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பிற்குக் கீழே விண்ணிலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. நீலக் கடலினிடையே வெண்மையும் பசுமையும் கலந்த ஒரு வளைவு, இந்தியாவின் நுனியையும் இலங்கையின் கரையையும் இணைப்பதுபோல் அப்படத்தில் காணப்பட்டது. பார்த்தவர் வியந்தனர். நாளிதழ்கள் சில அச்செய்தியை எடுத்து எழுதின. மின்னஞ்சல் வழியே அது நாடெங்கும் பரவிற்று.

அத்தலைப்பை ஆசிரியர் ஒருவர் மாணவனின் விடைத்தாளைத் திருத்துவதுபோல் திருத்திப் பார்ப்போம். ‘நாசா கண்டுபிடித்தது’ என்பது முதற் கூற்று. சேதுபதிகள் காத்ததும், யாழ்ப்பாண மன்னர் காசில் பொறித்ததும், ரென்னல் படத்தில் வரைந்ததுமான ஒன்றை 2002-இல் எவரும் கண்டுபிடிக்க இயலாது. விண்வெளிப் படம் என்ற அளவிலும் அது புதுமையன்று. 1966-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே, ஜெமினி-11 என்னும் கலத்தில் சென்ற சார்லஸ் கான்ராட், ரிச்சர்ட் கார்டன் என்னும் இருவரும் இந்தியாவையும் இலங்கையையும் ஒருங்கே காட்டும் படம் ஒன்றை எடுத்தனர். உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்ற படம் அது.

‘மனிதர் கட்டியது’ என்பது இரண்டாம் கூற்று. இதற்குச் செய்தியின் உடலில் காட்டப்பெற்ற சான்று, அவ்வளைவின் அமைப்பே அது மனிதர் ஆக்கியது என்பதைப் புலப்படுத்துகிறது என்னும் ஒரு தொடர்தான். வளைவு மனிதர் கைக்கே உரியது என்பது எந்த நிலநூலில் உள்ளது? நம் வீட்டு வாசலிலுள்ள கடற்கரையே வளைந்துதான் கிடக்கிறது.

மூன்றாவது கூற்று ஆண்டுக் கணக்கு. 17,50,000 என்னும் எண், படத்திலிருந்து பெற்றதன்று. இலங்கையில் மனிதர் முதன்முதல் வாழ்ந்த காலம் அது என்று, எங்கிருந்து பெற்றார் என்று கூறாமலே எழுதிய செய்தியாளர், பாலத்தின் வயதும் ஏறத்தாழ அதுவே என்று சேர்த்துக்கொண்டார். நம் இனமாகிய தற்கால மனிதன் தோன்றியே ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகள்தாம் ஆகின்றன என்று உயிர்நூலார் கூறுவர். ஆயினும் தலைப்பில் அவ்வெண் நின்ற இடத்தைப் பாருங்கள்! நாசா என்னும் சொல்லுக்கு அடுத்து நின்றமையால், நாசாவே அளந்து கூறிய எண் போலத் தோன்றிற்று. தனித்தனியே நின்றால் எவரும் நம்பாத இரண்டு, அருகருகே நின்றால் ஒன்றற்கொன்று சாட்சியாகிவிடுகின்றன.

அதே அக்டோபரில் நாசாவின் பேச்சாளர் விடை கூறினார். இணையத் தளங்களில் உள்ள படம் எங்களுடையதாக இருக்கலாம். ஆனால் அதற்குத் தரப்பட்ட விளக்கம் எங்களுடையதன்று. மேலிருந்து எடுக்கும் படங்களைக்கொண்டு ஒரு தீவு வரிசை எவ்வாறு தோன்றிற்று, எத்தனை ஆண்டுகள் பழமையானது, மனிதர் கை அதில் உண்டா என்பவற்றை நேரே கூறவியலாது என்பது அவர் கூற்றின் சாரம். இதனைவிடத் தெளிவான மறுப்பு வேறு என்ன வேண்டும்? எனினும், மறுப்புக்குத் தலைப்பு அமையவில்லை. ‘கண்டுபிடித்தது’ என்பதில் இருக்கும் விசை ‘நாங்கள் அவ்வாறு கூறவில்லை’ என்பதில் இல்லை. முதற் செய்தியைப் பெற்றவர்களுள் மறுப்பைப் பெற்றவர் எத்துணை பேர் என்பதை உங்கள் பெற்றோரைக் கேட்டறியலாம். 2002-இல் மின்னஞ்சல் பெற்றவர்கள் பலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றனர்.

இந்நிலை ஏன் வந்தது என்பதையும் சிறிது ஆராயவேண்டும். செய்தித் தலைப்பு என்பது தன்னளவில் தீயதன்று. தினத்தந்தியை 1942-இல் மதுரையில் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் நம் மாவட்டத்துக் காயாமொழியில் பிறந்தவர். இதழாளர்க்கெனக் கையேடு ஒன்றையும் எழுதியவர். தேநீர்க் கடை வாயிலில் தொங்கும் பெரிய எழுத்துச் சுவரொட்டியை எழுத்துக் கூட்டிப் படித்தே படிப்பாளியானவர் தமிழ்நாட்டில் ஏராளம். தலைப்பு அவர்களைக் கடைக்குள் அழைத்தது. உள்ளே செய்தி இருந்தது. தாளில் தலைப்பும் செய்தியும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தமையால், ஒன்றைப் பார்த்தவர் கண் மற்றொன்றிலும் சிறிதேனும் விழுந்தது.

இணையத்தில் இந்த ஒட்டு விட்டுப்போயிற்று. அங்கே தலைப்பு தனியே நடமாடுகின்றது. கைப்பேசியில் ஒருவர் மற்றவர்க்கு அனுப்புவது தலைப்பும் ஒரு சிறு படமுமே. செய்தி எங்கோ ஓரிடத்தில் இருக்கும், திறந்தால்தான் வரும். 2016-ஆம் ஆண்டில் கொலம்பியப் பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்றினரும் சேர்ந்து ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 59 இணைப்புகள் ஒரு முறையேனும் திறக்கப்படவில்லை என்று கண்டனர். திறந்து படித்தவர் தப்பினார் என்றும் கூறுவதற்கில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிறழத் தலைப்பிட்ட கட்டுரையை முழுதும் படித்தவரிடத்தும், பின்னர் நினைவில் எஞ்சுவதைத் தலைப்பே திரித்துவிடுகின்றது என்று காட்டினர். திறப்போர் எண்ணிக்கையைக் கொண்டே விளம்பரப் பணம் வருகிறதாகையால், தலைப்பெழுதுவோர்க்கு வரும் ஆசை இன்னதென்று விளக்கவேண்டுவதில்லை.

இவ்விடத்தே தமிழாசிரியர்கள் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. தமிழில் ஒரு செய்தியைப் பிறர் கூற்றாகக் கூறுவதற்கு நமக்கு மிக அழகிய கருவிகள் உள்ளன. ‘மழை பெய்தது’ என்பது வேறு. ‘மழை பெய்ததாம்’ என்பது வேறு. ‘பெய்ததாகக் கூறுகின்றனர்’, ‘பெய்தது போலும்’ என்பன வேறு வேறு. பேசுவோன் தான் கண்டதைக் கூறுகின்றானா, கேட்டதைக் கூறுகின்றானா, ஊகிக்கின்றானா என்பதை ஓரிரண்டு எழுத்துகள் காட்டிவிடும். எழுதப் படிக்க அறியாத பாட்டிமார்களும் இந்த ‘ஆம்’ என்பதைத் தவறாமல் இடுவர். தலைப்பில் இடம் சுருங்கும்போது முதலில் வெட்டுண்பது இதுவே. ‘என்று’ போகும்; ‘ஆம்’ போகும்; வினாக்குறி போகும்; கேள்வியாக இருந்தது முடிவாக நின்றுவிடும்.

நம் முத்துக்கரையின் பழைய வழக்கம் ஒன்றை இதனோடு ஒப்பிட்டுக் காட்ட விரும்புகிறேன். முத்துச் சலாபம் என்று கூறும் முத்துக்குளிப்பை அரசு அறிவிப்பதற்கு முன், கடலடியில் உள்ள முத்துப்பார்களைச் சோதிப்பர். மூழ்கிகள் மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவருவர். அவற்றை எண்ணி, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைத் தரம் பிரித்து, முத்து வணிகத்தில் தேர்ந்தவர்களைக்கொண்டு மதிப்பிடுவர். அதன்பிறகே அறிவிப்பு வரும். இன்ன பார், இன்ன நாள், இத்தனை சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டன, ஆயிரம் சிப்பிக்கு மதிப்பு இன்ன தொகை என்று அதில் கண்டிருக்கும். வாங்குவோனுக்குக் கிடைப்பது திறவாத சிப்பி. உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த ஐயத்தை மறைக்காமல், தாம் எவ்வளவு பார்த்துவிட்டுக் கூறுகின்றோம் என்பதையும் சேர்த்துக் கூறியதே அவ்வறிவிப்பின் சிறப்பு. கீழக்கரை, காயல்பட்டினம், பம்பாய் ஆகிய ஊர்களின் வணிகர்கள் அந்த எண்ணை நம்பி வந்து கூடினர்.

மதிப்பீட்டைப் படியாமல் பெருந்தொகை ஒன்றையே கண்டு மயங்கியவர் கதையும் இக்கடலில் உண்டு. 1905-ஆம் ஆண்டில் இலங்கையின் மன்னார்க் கரையில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் வருவாய் வந்தது. அப்புகழ் இலண்டன்வரை எட்டியது. 1906-இல் ஒரு கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபதாண்டுகளுக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1892 முதல் 1902 வரை பதினோராண்டுகள் அப்பார்களில் ஒரு சலாபமும் நடைபெறவில்லை என்பது அரசுப் பதிவேடுகளில் உள்ளதுதான். 1907-க்குப் பின் சிப்பி இல்லை. 1912-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஒரு நல்ல ஆண்டின் எண் இருபதாண்டுகளுக்குத் தலைப்பாகிவிட்டது. நம் தூத்துக்குடிப் பார்களிலும் 1961-க்குப் பின் சலாபம் நடைபெறவில்லை.

நிற்க. மீண்டும் சேதுவிற்குச் செல்வோம். அத்தலைப்பு எழுந்த காலம், கால்வாய்த் திட்டம் உருப்பெற்றுக்கொண்டிருந்த காலம். 2004-இல் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் சுற்றுச்சூழல் அறிக்கையை அளித்தது. 2005 ஜூலை 2-ஆம் நாள் மதுரையில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம், 2,427 கோடி ரூபாய் செலவு என்பன அறிவிக்கப்பட்ட அளவுகள். தூத்துக்குடித் துறைமுகமே இதனை முன்னின்று நடத்தும் பொறுப்பை ஏற்றது. ஊரில் மகிழ்ச்சி பெரிதாயிருந்தது.

கால்வாயை விரும்பியவர் பக்கத்திலும் தலைப்புக் குற்றம் இருந்தது என்பதை நடுநிலையோடு கூறவேண்டும். கப்பல்களுக்கு 424 கடல் மைல்வரை தொலைவும், 30 மணி நேரம்வரை காலமும் மிச்சப்படும் என்பது திட்டத்தாரின் கணக்கு. தலைப்புகளில் ‘வரை’ என்னும் இரண்டெழுத்து உதிர்ந்து, ‘30 மணி நேரம் மிச்சம்’ என்றே நின்றது. அப்பெருந்தொகை தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் கப்பல்களுக்குப் பொருந்தும். ஐரோப்பாவிலிருந்து கொல்கத்தா செல்லும் கப்பல் இலங்கையின் தென்முனையைக் கடந்து நேராகச் செல்வது. அதற்குக் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது. கால்வாயில் வேகத்தைக் குறைக்கவேண்டும், வழிகாட்டி மாலுமியை ஏற்றவேண்டும், சுங்கம் செலுத்தவேண்டும். மேலும் ஏறத்தாழ 30,000 டன் வரையுள்ள கப்பல்களே அதில் செல்ல இயலும். உலகக் கப்பல்களோ ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டிருந்தன.

ஆகவே கேட்கவேண்டிய வினாக்கள் பல இருந்தன. இடம்பெயரும் மணலை ஆண்டுதோறும் எவ்வளவு தூர்வார வேண்டியிருக்கும்? 1956-இல் முதலியார் குழு கூறிய தடை 2005-இல் எவ்வாறு நீங்கியது? தூர்வாரிய சேறு எங்கே கொட்டப்படும்? தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகள், 1986-இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, அச்சேற்றினால் என்ன ஆகும்? கரைவலை இழுப்போரும் நாட்டுப்படகில் செல்வோரும் எங்கே மீன்பிடிப்பர்? 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்த பின்னர், கனடாவில் வாழ்ந்த ஆழிப்பேரலை ஆய்வாளர் தாட் மூர்த்தி, கால்வாயின் திசை அலையைக் கேரளத்தின் தென்கரைக்கு இழுத்துச் செல்லக்கூடும் என்று எச்சரித்தார். இவ்வினாக்களை மீனவர் சங்கத்தாரும், கடல்நூல் அறிஞரும், பொருளியலாரும் எழுப்பினர்; அறிக்கைகள் எழுதினர்.

அவற்றை எவர் கேட்டார்? 2007-ஆம் ஆண்டு வந்தபோது நாடு முழுவதும் ஒரே ஒரு வினாதான் ஒலித்தது: அது மனிதர் கட்டியதா, அன்றா? மேடைகளிலும் துண்டு வெளியீடுகளிலும் 2002-இன் தலைப்பு புத்துயிர் பெற்று எழுந்தது. நாசா மீண்டும் ஒருமுறை மறுத்தது. மறுப்பு மீண்டும் மறைந்தது. ஆகஸ்டு 31-இல் உச்ச நீதிமன்றம் பாலத்திற்கு ஊறு நேராவண்ணம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. செப்டம்பர் 12-இல் தொல்லியல் துறையின் பெயரால் ஒரு வாக்குமூலம் தாக்கலாயிற்று. இதிகாச மாந்தர் வாழ்ந்தமைக்கு வரலாற்றுச் சான்று இல்லை என்னும் பொருள்பட அதில் எழுதப்பட்டிருந்தது. பெருங்கொந்தளிப்பு எழவே, இரண்டே நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. கால்வாய் ஒன்று வெட்டலாமா என்னும் வழக்கில், நம் முன்னோரின் நம்பிக்கை கூண்டில் ஏற்றப்பட்டது. இது எவர்க்கும் பெருமை தருவதாக இல்லை.

பக்தர்களுக்கு அத்தலைப்பு துணைசெய்தது என்று சிலர் கருதுவர். அடியேன் அவ்வாறு கருதவில்லை. சேதுக்கரையில் நீராடச் சென்றவர்கள் எந்த நாட்டுப் படத்தையும் எதிர்பார்த்துச் செல்லவில்லை. காசிக்குச் சென்று வந்தவர் சேதுவில் நீராடியே யாத்திரையை நிறைவு செய்தனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்த பின்னரும் நீராடுவோர் வருகை நிற்கவில்லை. அத்தகைய நம்பிக்கையை ஒரு புகைப்படத்தின்மீது தூக்கி வைத்தவர்கள், அப்படம் மறுக்கப்படும் நாளில் நம்பிக்கையும் மறுக்கப்பட்டதுபோல் தோன்றும் நிலையை உண்டாக்கினர். அறிவியலாரும் வருந்தினர், பல்லாயிரம் ஆண்டுக் கடல் வரலாறு சுவையற்ற மறுப்புரையாகச் சுருங்கிப்போயிற்று.

அவ்வரலாறு உண்மையில் மிகச் சுவையானது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று கடலன்று, நிலம். யானையும் மானும் மனிதனும் கால் நனையாமல் இலங்கைக்கு நடந்து செல்லக்கூடிய அகன்ற சமவெளி. பனி உருக, நூற்றாண்டு நூற்றாண்டாகக் கடல் ஏறி, அச்சமவெளியை மூடிற்று. எஞ்சிய மேட்டில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் பவளமும் படிந்தன. இரு பக்கத்துக் கடல்களின் நீரோட்டங்கள் அவற்றைக் கோத்தும் கலைத்தும் வருகின்றன. இதனைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூறிப் பாருங்கள், கண்கொட்டாமல் கேட்பர். 17,50,000 என்னும் பொய்யெண் இதன் அருகில் நிற்கத் தகுதியற்றது.

திட்டத்தின் பிற்கதை சுருக்கமானது. 2008-இல் மாற்று வழியை ஆராய ஆர். கே. பச்சௌரி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. மாற்று வழி பொருளாதார நோக்கிலும் சுற்றுச்சூழல் நோக்கிலும் ஏற்றதன்று என்று அது கூறியது. 2009-க்குப் பின் தூர்வாரும் பணி நடைபெறவில்லை. அதற்குள் செலவான தொகை 700 கோடி ரூபாய்க்கு மேல். 2018 மார்ச்சில், பாலத்திற்கு ஊறு நேராமல் வேறு வழி காண்பதாக மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2023 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் இயற்றியது. பவளத்தைப் பற்றியும் சேற்றைப் பற்றியும் கேட்டவர்களின் அறிக்கைகள் நூலகங்களில் உள்ளன.

தலைப்பின் கதையோ முடியவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று தன் நிகழ்ச்சிக்கு ஒரு முன்னோட்டம் வெளியிட்டது. இக்கதை உண்மையா என்று வினவி, அறிவியல் ஆய்வு அவ்வாறு கருத இடந்தருகிறது என்று விடை கூறிய சிறு துண்டு அது. இங்கே வந்து சேர்ந்தபோது, ‘அமெரிக்க அறிவியலார் உறுதி செய்தனர்’ என்று ஆயிற்று. 2022 டிசம்பரில் மாநிலங்களவையில் அமைச்சர் ஜிதேந்திர சிங் ஒரு வினாவிற்கு விடையளித்தார். விண்வெளி நுட்பத்தால் சில திட்டுகளையும் சுண்ணாம்புப் படிவுகளையும் காண முடிகிறது. அவை பாலத்தின் எச்சங்களே என்று துல்லியமாகக் கூறுவது கடினம். எனினும் அத்தகைய அமைப்பு இருந்தமைக்கு நேர்முகமாகவோ மறைமுகமாகவோ ஒரு குறிப்பு உண்டு என்னும் பொருள்பட அவர் பேசினார். மறுநாள், ‘பாலம் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை’ என்று ஒரு சாராரும், ‘பாலம் இருந்ததற்கு அறிகுறி உண்டு’ என்று மற்றொரு சாராரும் தலைப்பிட்டனர். விடையின் முற்பாதி ஒருவருக்கும் பிற்பாதி ஒருவருக்கும் போய்ச் சேர்ந்தது.

2024-ஆம் ஆண்டில்தான் திட்டு வரிசை முழுவதையும் நீருக்கடியில் நுணுகி அளந்த படம் வெளிவந்தது. அளந்தவர்கள் நம் நாட்டவர். இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தைச் சேர்ந்த அறிவியலார். நாசா 2018-இல் ஏவிய ஐஸ்சாட்-2 என்னும் செயற்கைக்கோள் கடலுக்குள் செலுத்திய லேசர்க் கதிர்களின் பதிவுகளை அவர்கள் பயன்படுத்தினர். ஆக, நாசாவின் பெயர் இம்முறை உண்மையாகவே இதில் இடம்பெற்றது. அணையின் நீளம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர், அதன் 99.98 விழுக்காடு ஆழமற்ற நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றது; கடலடியிலிருந்து அது 8 மீட்டர் அளவு உயர்ந்து நிற்கின்றது; தனுஷ்கோடி, தலைமன்னார் ஆகிய நிலப்பகுதிகள் கடலுக்கடியில் தொடர்வதே இவ்வணை என்று அவர்கள் எழுதியுள்ளனர். இடையிடையே 2 முதல் 3 மீட்டர் ஆழமுள்ள 11 குறுகிய வாய்க்கால்கள் உள்ளன என்றும் கண்டனர். மன்னார் வளைகுடாவின் நீரும் பாக்கு நீரிணையின் நீரும் அவற்றின் வழியேதான் ஒன்றோடொன்று போக்குவரவு செய்கின்றன. அக்கட்டுரை கட்டணமின்றி எவரும் படிக்கத்தக்க ஆய்விதழில் வெளிவந்துள்ளது. கல்லூரி மாணவர்கள் அதனைத் திறந்து, படங்களோடு சேர்த்து, முழுவதும் படிக்கலாம்; ஒரு மாலைப் பொழுது போதும்.